யாருடைய விருப்பப்பாடம்?

நான்காம் செமஸ்டர் முடியும் வாரத்தில் எங்கள் துறையில் ஒரு தாள் சுற்றுக்கு வரும். மேலே கல்லூரியின் பெயர், அதற்குக் கீழே மாணவியின் பெயரும் பதிவு எண்ணும், பிறகு மூன்று கட்டங்கள். அடுத்த ஆண்டு எந்த விருப்பப்பாடத்தைப் படிக்கப் போகிறீர்கள் என்று டிக் செய்ய வேண்டும். தாளின் அடியில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று மாணவியின் கையெழுத்துக்கு. மற்றொன்று பெற்றோரின் கையெழுத்துக்கு. விலங்கியல் இளங்கலை படிக்கும் எங்கள் பெண்களுக்கு அப்போது வயது பத்தொன்பது. ஓட்டுப் போடும் வயது, சட்டப்படி திருமணம் செய்துகொள்ளும் வயது, நாட்டின் பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் வயது. பட்டுப்புழுவா மீனா என்று முடிவு செய்ய மட்டும் அப்பா கையெழுத்துப் போட வேண்டும்.

இந்தத் தாளை நான் மாணவியாக நிரப்பியிருக்கிறேன். இப்போது ஆசிரியையாக வாங்கி அடுக்கி வைக்கிறேன். ஒரு கவிதையையோ நாவலையோ வாசிப்பது போல இதையும் வாசிக்க வேண்டும் என்று வெகுகாலம் எனக்குத் தோன்றவில்லை. தோன்றச் செய்தவள் ஒரு மாணவி.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாளில் மூன்று பாடங்கள் இருந்தன: வனவிலங்கு உயிரியல், மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம், வண்ணமீன் வளர்ப்பு. வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் ஆய்வகத்துக்கு டிக் போட்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் வனவிலங்கு. அவளை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டு, “ஒருத்திக்காகப் பேப்பர் நடத்த முடியாதும்மா. அதுவுமில்லாம காடு மேடெல்லாம் அலையற வேலை, வீட்ல அனுப்புவாங்களா? லேப்னா பாதுகாப்பு. உள்ளயே உக்காந்து பாக்கற வேலை” என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “சரிங்க மேடம்” என்றாள். என் மேசையிலிருந்த ஒயிட்னரை வாங்கி அந்த டிக்கை அழித்துவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் போட்டாள்.

பட்டம் முடித்து இரண்டு வருடம் கழித்து அவளைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு, ஐஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, வீடு வீடாகப் போய் இரத்தம் எடுக்கிறாள். தெரியாத தெரு, தெரியாத வீடு, சில வீடுகளில் தனியாக இருக்கும் ஆண்கள். சம்பளத்தைச் சொல்லக் கூச்சப்பட்டாள். “காட்டுக்குப் போகாதன்னு சொன்னீங்களே மேடம்,” என்று சிரித்தாள். “இப்ப யார் யார் வீட்டுக்கெல்லாம் போறேன் தெரியுமா?”

அவள் குற்றம் சாட்டவில்லை. அதனால்தான் அந்தச் சிரிப்பு இன்னும் என்னோடு இருக்கிறது. அன்று நான் அவளுக்குக் கொடுத்தது அறிவுரை என்றே நம்பியிருந்தேன். பாதுகாப்பு என்ற சொல்லை எங்கிருந்து எடுத்தேன், அந்த வேலைகள் இரண்டைப் பற்றியும் எனக்கு என்ன தெரியும் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவே இல்லை. அந்த ஆய்வக வேலைக்கும் அதற்கென்றே தனிப் பட்டங்களும் பட்டயங்களும் இருக்கின்றன; ஒரே ஒரு விருப்பத்தாளைப் படித்துவிட்டுப் போகும் விலங்கியல் மாணவி அங்கே கடைசி வரிசையில்தான் நிற்பாள் என்பதைக்கூட நான் அவளிடம் சொல்லவில்லை.

*

‘விருப்பப்பாடம்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரியில் மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக 140 கிரெடிட். தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடங்கள், துணைப்பாடங்கள், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, விரிவாக்கப் பணி என்று எல்லாம் போக மிஞ்சுகிற சிறிய இடத்தில்தான் விருப்பப்பாடங்களும், திறன்சார் பாடங்களும், வேறு துறையிலிருந்து எடுக்கும் பாடமும் வருகின்றன. அந்தச் சிறிய இடத்திலும் பாடத்திட்டப் புத்தகம் மூன்று தலைப்புகளை அச்சிட்டிருக்கும். கல்லூரி ஒன்றை நடத்தும். எந்த ஆசிரியருக்கு வேலைப்பளு குறைவு, எந்தப் பாடத்துக்கு நூலகத்தில் புத்தகம் இருக்கிறது, எதற்குப் புதிதாகக் கருவி வாங்க வேண்டாம் என்பதை வைத்துத் துறைக் கூட்டத்தில் முடிவாகிவிடும். பிறகுதான் தாள் சுற்றுக்கு வரும். நாற்பது பெண்கள் ‘தேர்ந்தெடுக்கிறார்கள்’.

இது பெண்கள் கல்லூரியில் மட்டும் நடப்பதில்லை என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் இந்தத் தேர்வு பெண்களின் வாழ்க்கையில் நடக்கும் மற்ற தேர்வுகளைப் போலவே இருப்பதால் அவர்களுக்கு இது உறுத்துவதே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து போன பிறகு ‘உனக்குச் சம்மதமா’ என்று கேட்கிற கேள்வியைப் போன்றது இது. பதில் தெரிந்தே கேட்கப்படும் கேள்விக்குத் தலையசைத்துப் பழகியவர்களுக்கு, பதில் தெரிந்தே சுற்றுக்கு வரும் தாளில் டிக் போடுவது புதிதல்ல.

தேர்வு இதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்த குரூப் என்பது. பன்னிரண்டு முடிந்ததும் மருத்துவமா இல்லையா என்பது. 2017இல் தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கைக்கு நீட் கட்டாயமான பிறகு என் வகுப்பில் வந்து உட்காரும் பெண்களில் பலர் முதல் செமஸ்டர் முழுவதும் மௌனமாக இருப்பார்கள். உயிரியல் அவர்களுக்குத் தோற்றுப் போன இடம். மருத்துவராக முடியாததால் விலங்கியல், விலங்கியலிலும் மருத்துவத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பாடம் என்று அவர்கள் தேடுவது இயல்பு. ஆய்வகத் தொழில்நுட்பத்துக்கு விழுந்த டிக்குகளில் பாதி, கிடைக்காத வெள்ளைக் கோட்டுக்கு விழுந்தவை. அதை விருப்பம் என்று நான் எண்ணிக் கணக்கெடுத்தேன்.

*

இனி அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2015இல் வெளியிட்ட விலங்கியல் மாதிரிப் பாடத்திட்டத்தில் விருப்பப்பாடங்களாக விலங்கு நடத்தையியல், நோயெதிர்ப்பியல், நாளமில்லாச் சுரப்பியியல், இனப்பெருக்க உயிரியல், வனவிலங்குப் பாதுகாப்பு, பூச்சியியல், கணினி உயிரியல் முதலியவை இருந்தன. திறன் மேம்பாட்டுப் பாடங்களாகத் தேனீ வளர்ப்பு, பட்டுப்புழு வளர்ப்பு, வண்ணமீன் வளர்ப்பு, மருத்துவப் பரிசோதனை முறைகள், ஆராய்ச்சி முறையியல். மோசமான பட்டியல் இல்லை. ஒரு நல்ல துறை இதை வைத்துக்கொண்டு அருமையான மூன்றாண்டுகளை அமைக்கலாம்.

பட்டியல் எங்கள் கைக்கு வரும்போது என்ன ஆகிறது? விருப்பப்பாடத்தில் எது ஆய்வகக் கருவியோ களப்பயணமோ கேட்கிறதோ அது உதிரும். திறன்சார் பாடத்தில் எது வீட்டின் கொல்லைப்புறத்தில் அடங்குமோ அது நிற்கும். மண்புழு உரம், காளான், தேனீ, வண்ணமீன். பாடத்தின் நோக்கம் என்று எழுதும் இடத்தில் ‘வீட்டிலிருந்தபடியே சுயதொழில்’ என்ற வாசகத்தை நானே எழுதியிருக்கிறேன். பெண்கள் கல்லூரியின் பாடத்திட்டக் கூட்டத்தில் அந்த வாசகத்துக்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். பட்டம் வாங்கிய பிறகு அவள் வீட்டில்தான் இருப்பாள் என்று மேசையைச் சுற்றி இருந்த எல்லோருமே, நான் உட்பட, முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தோம்.

பட்டுப்புழுவையும் மீனையும் நான் குறைத்துப் பேசவில்லை. அவற்றால் குடும்பம் நடத்தும் பெண்களை எனக்குத் தெரியும். என் புகார் வேறு. பட்டுப்புழுவைக் கைத்தொழிலாகக் கற்பிக்கும்போது அதிலுள்ள அறிவியலை யாரோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உலகில் முதன்முதலாக வேதியியல் அமைப்பு கண்டறியப்பட்ட ஃபெரோமோன் பட்டுப்பூச்சியிலிருந்து கிடைத்ததுதான். 1959இல் ஜெர்மானிய வேதியியலாளர் பூட்டனான்ட்டின் குழு சுமார் ஐந்து லட்சம் பூச்சிகளைக் கொண்டு அதைப் பிரித்தெடுத்தது. பெண் பூச்சி வெளியிடும் அந்தப் பொருளை ஆண் பூச்சி தன் உணர்கொம்பால் அறிகிறது. இன்னொன்று: மனிதரில் ஆணுக்கு எக்ஸ், ஒய் என்று இரு வேறு பால் குரோமோசோம்கள் இருப்பது போல, பட்டுப்பூச்சியில் பெண்ணுக்குத்தான் இரண்டு வேறு பால் குரோமோசோம்கள். பிறப்பது ஆணா பெண்ணா என்பது அங்கே தாயின் முட்டையில் தீர்மானமாகிறது. பறவைகளிலும் அப்படியே.

இதை வகுப்பில் சொன்ன அன்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: “அப்ப மனுசங்கள்ல அப்பாவாலதானே மேடம்?” ஆமாம் என்றேன். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. அவளுக்குக் கீழே மூன்று தங்கைகள் என்பதை நான் பிறகு அறிந்தேன். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் நம்முடையது. பெண் பெற்றவள் என்று மருமகளைத் திட்டும் வீடுகளிலிருந்து வரும் பெண்களுக்கு, பட்டுப்புழுத் தாளில் இந்தப் பத்தி இருக்க வேண்டுமா, கூட்டின் விலைப்பட்டியல் மட்டும் போதுமா?

*

பால் குரோமோசோம்களைப் பற்றிப் பேசும்போது நெட்டி ஸ்டீவன்ஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1905இல் மாவுப்புழு வண்டின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் எண்ணி, பெண்ணில் இருபது பெரிய குரோமோசோம்களும், ஆணில் பத்தொன்பது பெரியதும் ஒரு சிறியதும் இருப்பதைக் கண்டு, அந்தச் சிறிய குரோமோசோமே ஆண் பாலைத் தீர்மானிக்கிறது என்று எழுதியவர். அதே ஆண்டில் எட்மண்ட் வில்சனும் வேறு பூச்சிகளை ஆராய்ந்து இதை ஒட்டிய முடிவுக்கு வந்தார். ஆனால் பாலோடு குரோமோசோமைச் சேர்த்துச் சொல்லும்போது எங்கள் பாடநூல்களில் முதலில் வரும் பெயர் 1933இல் நோபல் வாங்கிய மார்கனுடையது. ஸ்டீவன்ஸ் எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? அமெரிக்காவின் பிரின் மார் என்ற பெண்கள் கல்லூரியில். மகளிர் கல்லூரியில் ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் சொல்ல வைத்திருக்கும் முதல் பதில் இது.

இரண்டாவது பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. 1897இல் தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் பட்டப் படிப்புக்குச் சென்னைக்கு வந்து ராணி மேரிக் கல்லூரியில் படித்தார். தாவரவியலில் ஆனர்ஸ் பட்டத்தை மாநிலக் கல்லூரியில் 1921இல் முடித்தார். சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தார். அங்கிருந்து உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பை மக்காச்சோளத்தோடும் வேறு புல் இனங்களோடும் ஒட்டுக்கலப்பு செய்து குரோமோசோம்களை ஆராய்ந்தார். பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்த நூல் ஒன்றை டார்லிங்டனோடு சேர்ந்து 1945இல் வெளியிட்டார். ஓய்வுக்குப் பிறகும் சென்னைக்கு அருகே மதுரவாயலில் இருந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டே 1984இல் இறந்தார்.

இந்த வரலாற்றைச் சாதனைப் பெண் கதையாகச் சொல்லிக் கைதட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. நீதித்துறை அதிகாரியாக இருந்த தந்தை, புத்தகங்கள் நிறைந்த வீடு என்ற பின்புலம் அவருக்கு இருந்தது. என் மாணவிகளுக்கு இல்லை. நான் கவனிப்பது வேறொன்றை. அவரது படிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த படி அவர் இருந்த இடத்துக்கு வெளியே இருந்தது. கல்லூரி மாறினார், ஊர் மாறினார், நாடு மாறினார். தாவரவியல் பெண்களுக்குப் பொருத்தமான மென்மையான படிப்பு என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவரது தாவரவியலில் மென்மை எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கரும்புக் காடு, நுண்ணோக்கி, தனியாகப் பயணம், வாழ்நாள் முழுவதும் திருமணம் இல்லாமை. பூவை வரைவதும் தொட்டியில் செடி வைப்பதுமாக அந்தப் படிப்பைச் சுருக்கியது தாவரங்கள் அல்ல.

*

வெளியே போவது என்பதுதான் எங்கள் தாளில் எல்லோரும் சுற்றிச் சுற்றி வரும் இடம். களப்பயணம் உள்ள பாடம் என்றால் பெற்றோர் கடிதம், கூட வரும் ஆசிரியைகள், கழிப்பறை உள்ள தங்குமிடம், மாதவிலக்கு நாள் கணக்கு, மாலை ஆறுக்குள் திரும்ப முடியுமா என்ற கேள்வி. ஆண்கள் கல்லூரிகள் முதுமலைக்குப் போகும்போது நாங்கள் வண்டலூருக்குப் போவோம். கடல்வாழ் உயிரிகளைப் பற்றிய யூனிட்டை ஃபார்மலினில் ஊறிய கண்ணாடி ஜாடிகளை வைத்து நடத்துவோம். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ரயிலில் போய் ஒரே நாளில் திரும்பிவிடக் கூடிய தூரத்தில் இருந்தும் நாங்கள் அங்கே போகப் பல வருடம் ஆயிற்று.

இதில் நாம் பேசாமல் விடுவது ஒன்று உண்டு. வெளியே போகக் கூடாது என்ற விதி எல்லாப் பெண்களுக்கும் இருந்ததில்லை. ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுப்பவர்கள் பெண்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, முகத்துக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கிப் பாறையிலிருந்து பாசியைப் பறிக்கிறார்கள். எந்த மாதத்தில் எந்தப் பாசி வளரும், எந்த நீரோட்டத்தில் இறங்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கள் பாடநூலில் அகார் என்ற பொருள் வரும். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் தட்டு தட்டாக ஊற்றி வைப்போம். கடல்பாசியிலிருந்து எடுக்கப்படும் அந்தப் பொருளுக்கும் கடலில் மூழ்கும் இந்தப் பெண்களுக்கும் உள்ள தொடர்பு எந்த யூனிட்டிலும் இல்லை. வயலில் நாற்று நடுகிறவளையும் விறகுக்கு மலையேறுகிறவளையும் யாரும் பாதுகாப்பைக் காட்டித் தடுக்கவில்லை. அவளுடைய மகள் கல்லூரிக்கு வந்ததும் தடுக்கிறோம். படித்த பெண் என்றால் வீட்டுக்குள் இருப்பவள் என்ற மேல்சாதி, நடுத்தர வர்க்க வழக்கத்தை நாங்கள் பாடத்திட்டமாக்கி அவளுக்குக் கொடுக்கிறோம். அவளுடைய அம்மாவிடம் ஏற்கெனவே இருந்த களத்தை அவளிடமிருந்து எடுத்துவிட்டுத்தான் பட்டம் தருகிறோம்.

*

பாடங்களுக்குள்ளே போனாலும் இந்தச் சண்டை முடிவதில்லை. கருவுறுதல் பற்றிய பத்தியை நினைத்துப் பாருங்கள். விந்தணுக்கள் நீந்துகின்றன, போட்டியிடுகின்றன, துளைக்கின்றன, முட்டை காத்திருக்கிறது. மானுடவியலாளர் எமிலி மார்ட்டின் 1991இல் எழுதிய கட்டுரையில் பாடநூல்களின் இந்த மொழியை எடுத்துக் காட்டி, ஆய்வுக்கூட முடிவுகளோ விந்தணுவின் முன்னோக்கிய உந்துதல் மிகச் சிறியது, முட்டையின் மேற்பரப்பே அதைப் பற்றிப் பிடிக்கிறது என்று சொல்வதை அதற்குப் பக்கத்தில் வைத்தார். முட்டைக்குப் பாடநூல் தந்த குணம் பெண்ணுக்குச் சமூகம் தந்த குணம் என்பது அவர் வாதம். முப்பது ஆண்டுகள் தாண்டியும் எங்கள் மாணவிகளின் ரெக்கார்டு நோட்டில் முட்டை காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

விலங்கு நடத்தையியலில் ஆண் பல இணைகளைத் தேடும், பெண் கூச்சத்தோடு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் என்ற கோட்பாட்டுக்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது பேட்மன் 1948இல் பழ ஈக்களை வைத்துச் செய்த சோதனை. 2012இல் பெட்ரீசியா கோவாட்டியும் உடன் பணியாற்றியவர்களும் அதே சோதனையைத் திரும்பச் செய்து, எந்தக் குஞ்சு எந்தப் பெற்றோருடையது என்று பேட்மன் கணக்கிட்ட முறையிலேயே பிழை இருந்ததைக் காட்டினார்கள். ராஜஸ்தானின் அபு மலையில் அனுமன் மந்திகளை 1970களில் பின்தொடர்ந்த சாரா ஹெர்டி, பெண் மந்திகள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்வதையும், குட்டிகளைக் காப்பதில் அதற்குப் பங்கு இருக்கலாம் என்பதையும் எழுதினார்.  பெண் விலங்குகளையும் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று தோன்றிய ஒருவர் வந்து உட்கார்ந்து பார்க்கும் வரை அந்தச் செய்தி அறிவியலுக்குள் வரவில்லை.

இவற்றை விவாதிக்க இடம் தரும் பாடங்கள் விலங்கு நடத்தையியலும் பரிணாமமும் இனப்பெருக்க உயிரியலும். முதலும் கடைசியும் எங்கள் தாளில் பெரும்பாலும் விருப்பப்பாடங்கள், அதாவது உதிரக் கூடியவை. இன்னொரு பக்கம், சில பல்கலைக்கழகங்கள் பெண்கள் உரிமைகள் என்ற தாளைப் பிற துறை விருப்பப்பாடமாக வைத்திருக்கின்றன. நல்ல காரியம். ஆனால் பெண்ணைப் பற்றிய கேள்வி வாரத்துக்கு இரண்டு மணி நேரம் தனி அறையில் நடக்கும். குரோமோசோமும் ஹார்மோனும் அடுத்த அறையில் கேள்வி இல்லாமல் நடக்கும். இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு கதவு வேண்டும் என்று கேட்டால், பாடத்திட்டத்தில் இடமில்லை என்று சொல்வார்கள்.

*

இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கும் மாணவியே, நீ கேட்பாய்: எல்லாம் சரி, நாளைக்குத் தாள் வருகிறது, நான் எதற்கு டிக் போடுவது?

என்னால் ஒரு பாடத்தைச் சொல்ல முடியாது. ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாதே. ஐந்து யூனிட்டையும் வாங்கிப் படி. செய்முறை உண்டா, அதற்கான கருவி நம் ஆய்வகத்தில் இருக்கிறதா, யார் நடத்துகிறார்கள் என்று கேள். கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. துணைப்பாடமோ பிற துறைப் பாடமோ தேர்ந்தெடுக்க வாய்ப்பு வந்தால் புள்ளியியலையும் கணினியையும் பார்த்துப் பயப்படாதே. இன்றைய உயிரியலில் எந்தக் கிளைக்குப் போனாலும் எண்ணத் தெரிந்தவளுக்கு இடம் இருக்கிறது. கணக்கு வராது என்பதால் உயிரியலுக்கு வந்தேன் என்று பெண்கள் சொல்வதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறோம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் பல வாசல்கள் அடைபடுகின்றன.

பட்டத்தின் பெயரையும் கவனி. இன்னும் கல்லூரியில் சேராத உன் தங்கைக்கு இது அதிகம் பயன்படும். நுண்ணுயிரியல், உயிரி தொழில்நுட்பம், உயிர்வேதியியல் என்ற பெயர்கள் புதுமையாகத் தெரியும். கட்டணமும் பெரும்பாலும் அதிகம். ஆனால் பள்ளி ஆசிரியை வேலைக்கோ பி.எட். சேர்க்கைக்கோ போகும்போது, இது விலங்கியலுக்கோ தாவரவியலுக்கோ இணையான பட்டமா என்று அரசாணையைத் தேடி அலைந்தவர்கள் பலர். இந்திய வனப்பணித் தேர்வுக்கான தகுதிப் பாடங்களில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், புள்ளியியல் எல்லாம் பெயர் சொல்லி இருக்கின்றன. நுண்ணுயிரியலும் உயிரி தொழில்நுட்பமும் பெயரளவில் இல்லை. அதற்காக அவற்றைப் படிக்காதே என்று சொல்லவில்லை. பதினேழு வயதில் சேரும்போதே, எந்தக் கதவு இதனால் திறக்கும், எது மூடும் என்று யாராவது உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். பழைய பெயருள்ள பட்டம் மட்டமானது என்று நினைத்துத் தலைகுனிந்து வரும் பெண்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும்.

காடு பிடித்திருந்தால் காட்டுக்குப் போகும் வழிகள் தமிழிலேயே விசாரித்துத் தெரிந்துகொள்ளும் தூரத்தில் இருக்கின்றன. ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் படிக்கலாம். கோவை ஆனைகட்டியில் பறவையியலுக்கும் இயற்கை வரலாற்றுக்குமான சலீம் அலி மையம் இருக்கிறது. பெற்றோரிடம் சொல்லும்போது ஊர் பெயரோடு, பேருந்து விவரத்தோடு, விடுதி விவரத்தோடு சொல். ‘காடு’ என்ற சொல்லைக் கேட்டால் பயப்படும் அம்மா, பஸ் நம்பரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பாள். அரசுப் பள்ளியில் படித்து வந்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் உன் கணக்குக்கு வரும். ஒரு களப்பயணத்துக்கு அது போதும். அந்தப் பணம் வீட்டுக் கேஸ் சிலிண்டருக்குப் போய்விடுகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஒரு மாதத்துப் பணத்தையாவது கேட்டு வாங்கு.

எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டியலில் உள்ளது நடத்தப்படவில்லை என்றால் தனியாகக் கேட்காதே. ஒருத்தி கேட்டால் என்னைப் போன்ற ஒருத்தி அவளைக் கூப்பிட்டு அனுப்பிவிடுவாள். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுத் துறைத் தலைவருக்குக் கடிதம் கொடுத்தால் அது கோப்பில் ஏறும், கூட்டத்தில் படிக்கப்படும், பதில் எழுத வேண்டி வரும்.

*

சென்ற ஆண்டு அப்படி ஒரு கடிதம் எங்களுக்கு வந்தது. பதினொரு கையெழுத்து. எழுதச் சொன்னது நான்தான் என்பது கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. இரண்டு கூட்டங்களில் தள்ளிப் போனது. கடைசியில் மற்றவர்களுக்கு ஆய்வகத் தாள், அந்தப் பதினொரு பேருக்கு மட்டும் வனவிலங்கு என்று, கால அட்டவணையில் மதிய உணவுக்கு அடுத்த மணி நேரத்தில், விலங்கியல் அருங்காட்சியகத்தின் மூலையில் இடம் கிடைத்தது. ஜாடிகளுக்கு நடுவேதான் உட்கார்ந்து நடத்துகிறேன். எனக்கும் பாதி புதிது. முந்தின நாள் இரவு படித்துவிட்டுப் போகிறேன்.

படிவத்திலிருந்து பெற்றோர் கையெழுத்துக் கோட்டை எடுக்க முடியவில்லை. கேட்டேன், அது எல்லாத் துறைக்கும் பொதுவான படிவம் என்றார்கள். களப்பயணத்துக்குத் தனிக் கடிதம் வேறு கேட்டிருக்கிறார்கள். ஏழு கடிதம் வந்திருக்கிறது, இன்னும் நான்கு வர வேண்டும். அதில் ஒரு பெண்ணின் வீட்டில் நானே வந்து பேச வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருக்கிறேன். பழைய மாணவியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பயணத்துக்கு நீயும் வருகிறாயா என்று கேட்டேன். ஞாயிறு காலையில் ஆறு வீட்டில் இரத்தம் எடுக்க வேண்டியிருக்கிறது, லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.